ஆறு வாட் பொறாமை

என் பெயர் தசரதன். சுரங்கம் மூடுகிற நாள் வரைக்கும், ஆளைக் கீழே இறக்குகிற கேஜில் ஏறி இறங்கியவன். அந்தக் கேஜைத் தாங்கிய இரும்புக் கயிற்றின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. கூட்டிச் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே இல்லை. என் தம்பிக்கு மட்டும் கொஞ்சம் உண்டு, அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். நடந்ததெல்லாம் ஸ்கெலட்டன் என்கிற தங்கச் சுரங்கக் குடியிருப்பில், எங்கள் லைனில், என் கண் முன்னால் நடந்தது.

லைன் வீடுகளை வெள்ளைக்காரன் ஒரே கூரையாகப் போட்டு, நடுநடுவே சுவர் வைத்தான். சுவர் கூரையைத் தொடாது. இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால் அந்தக் கோடியில் ஒருவர் துண்டை எடுத்து நீட்டுவார். என் வீட்டுக்கு இடப்பக்கம் உதய், அவன் பெண்டாட்டி ராதிகா. வலப்பக்கம் இவான், அவன் தங்கை லவினா, அவர்கள் அம்மா ஞானசுந்தரி. நடுவில் நான்.

லைனுக்குப் பின்னால் சயனைடு மண் மேடு. கம்பெனி தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கென்று விட்டுப்போனது. ஆடிக் காற்று கிளம்பினால் அந்த மேடு எழுந்து ஊருக்குள் நடந்து வரும். இந்த ஆடியில் ஞானசுந்தரியின் கோழி ஒன்று முட்டையிட உட்கார்ந்தது, காற்று அதைத் தூக்கியது. முட்டை எங்கள் வாசலில் விழுந்தது. கோழி ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தது.

உதய்யின் அப்பா நெஞ்சில் சுரங்கத் தூசி ஏறி இருமி இருமிச் செத்தவர். அந்த இருமலை இந்தப் பக்கத்துச் சுவருக்கும் தெரியும். அதனால் உதய்க்குத் தூசி என்றால் பகை. பெங்களூரில் ஒரு மருந்து கோடவுனில் வேலை, விடியற்கால வண்டியில் போய் ராத்திரி வண்டியில் வருகிறவன். வரும்போது வெள்ளை பிளாஸ்டர் சுருள் கொண்டுவருவான். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டுவது. ஆடி பிறந்தால் ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, ஓட்டுச் சந்து, சாவித் துளை எல்லாவற்றிலும் ஒட்டுவான். டி.வி. முதுகிலும் மிக்ஸி வயிற்றிலும் ஒட்டுவான். ஒருமுறை அசந்து தூங்கிய என் மூக்கைப் பார்த்து யோசித்துக்கொண்டு நின்றான். நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ராதிகா பங்காருபேட்டைப் பெண். ஜங்ஷனை ஒட்டின வீடு, எட்டுத் திசைக்கும் ஜன்னல், மூன்று பாஷையில் ரயில் சத்தம். அங்கிருந்து வந்து இந்த ஒட்டின டப்பாவுக்குள் மூன்றாவது ஆடியைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன்.

உதய்யும் இவானும் ஒரே ஸ்கூல், ஒரே ரயில், ஒரே பெட்டி. லேப்டாப் வாங்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. இரண்டுமே அடிமட்ட ரகம், கரண்ட் குறைவாகக் குடிக்கிற சிப். ஒன்றில் நீல ஸ்டிக்கர், மற்றதில் சிவப்பு ஸ்டிக்கர். ஆறு வாட் என்றார்கள். சுரங்கத்தில் தலையில் கட்டிக்கொண்டு போன விளக்கே ஏறக்குறைய அவ்வளவு குடிக்கும். அந்த வெளிச்சத்தில் நாங்கள் பூமியைக் குடைந்தோம், இவர்கள் கேம் ஆட முடியுமா என்று சண்டை போட்டார்கள்.

"ரெண்டும் ரெண்டு கோர்தான்டா," என்பான் உதய். "ஆனா என்னுது கிளாக் ஸ்பீடு ஜாஸ்தி. சும்மா பிச்சிக்கினு போவும்."

"ஸ்பீட வெச்சிக்கினு இன்னா பண்ணுவ குரு? என்னுது நாலு த்ரெட். கேமுக்கு கிராபிக்ஸ் பாக்கணும், கிளாக் பாக்கக்கூடாது."

"ஆறு வாட்ல இன்னா பெரிய கிராபிக்ஸு?"

"உன்னுதும் ஆறு வாட்தான? அப்புறம் இன்னா பெரிய ஸ்பீடு?"

ரயிலில் நான் இல்லை. ஆகவே இந்த ஓர் இடத்தை மட்டும் நீங்கள் சந்தேகப்படலாம். ஆனால் மாரிக்குப்பம் வண்டியில் நீல ஸ்டிக்கர்க்காரர்கள் ஒரு பக்கமும் சிவப்பு ஸ்டிக்கர்க்காரர்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியது என்று சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

உதய்யிடம் கேட்டேன், "கோர்னா இன்னாப்பா? த்ரெட்னா இன்னா?"

"கோர்னா ஆளு மாமா. ரெண்டு கோர்னா வேல செய்ய ரெண்டு ஆளு. த்ரெட்னா, ஒரு ஆளு ரெண்டு வேலைய மாத்தி மாத்திப் பாக்கறது."

"அப்டின்னா உன் ஆளுங்க ஒரே வேலைய வேகமா செய்வாங்க. அவன் ஆளுங்க ஒரு கையில ட்ரில்லு, ஒரு கையில பீடி."

"அதேதான் மாமா!" என்று அவனுக்குச் சந்தோஷம். பீடி பிடிக்கிறவன்தான் ஷிஃப்ட் முடிகிறவரை களைக்காமல் நிற்பான் என்பதை நான் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

இரண்டு பேரும் வாங்கினார்கள். ராதிகாவுக்கு உதய் ஒரு கேம் போட்டுக் கொடுத்தான். லாரி ஓட்டுகிற கேம். பனி மலை, வளைந்த ரோடு, லோடு ஏற்றிக்கொண்டு இறங்கவேண்டும். பகலெல்லாம் ஒட்டின வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு அந்த மலை ரோடு பிடித்துப்போயிற்று. முதல் கால் மணி நேரம் லாரி நன்றாக ஓடியது. அப்புறம் நொண்டியது. அப்புறம் நின்று நின்று நகர்ந்தது. மிஷின் உள்ளே ஃபேன், கேஜை இழுக்கிற வைண்டர் இஞ்சின் மாதிரி கத்தியது. சூடோ சொல்லி முடியாது. அதன் மேல் நான் அப்பளம் சுட்டுத் தின்றேன். உளுந்து அப்பளம் பொரிந்தது, அரிசி அப்பளம் கொஞ்சம் கருகியது. லைன் பூனை அதில் ஏறிப் படுத்து ஒரு வாரம் இறங்கவில்லை.

அடுத்த வீட்டில் லவினா அதே கேமை இவான் மிஷினில் போட்டாள். அங்கே லாரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் ராதிகா என் வாசலைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போனாள். கொலுசுச் சத்தம் போகும்போது வேகமாகப் போகும். வரும்போது நின்று நின்று வரும்.

ஒரு நாள் உதய் வந்ததும் இந்தப் பேச்சு.

"இன்னா சாப்பாடு?"

"களி, கருவாட்டுக் கொழம்பு. சட்டிய தெறந்து பாருங்க."

"நீ எங்க கெளம்பிட்ட?"

"லவினா கூப்ட்டா. மலைல பாதி ரோட்ல லாரிய நிறுத்திட்டு வந்துட்டேன்."

"நம்ம வூட்ல கம்ப்யூட்டர் இல்லியா?"

"கீதே. அதுல லாரி நவுருதா? கல்யாண ஆல்பம் பொரட்டற மாதிரி கீது. ஒரு படம் வருது, போவுது, அப்பால இன்னொரு படம் வருது."

"நான் ஒரு மாசம் வீடியோ பாத்து, கம்பேர் பண்ணி வாங்குன மிஷினு அது."

"மிஷின கொற சொல்லலீங்க. ஓடல. அவ்ளோதான்."

"அவன் மிஷின் மட்டும் ஓடுதா?"

"ஓடுதே. நான் இன்னா பண்ணட்டும்?"

கொலுசு போயிற்று. உதய் என் வீட்டுக்கு வந்தான். சும்மா வரவில்லை, கையில் ஒரு சில்வர் டம்ளர். அதை இவான் வீட்டுச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தான். அந்தச் சுவருக்கு டம்ளரே தேவையில்லை. ஆனால் பொறாமை வந்தவனுக்கு ஒரு கருவி வேண்டியிருக்கிறது.

"சிரிக்கறது யாரு மாமா?"

"லவினா."

"இப்போ?"

"அது உன் பெண்டாட்டி."

"இது?"

"இவான்."

"அவன் இன்னாத்துக்குச் சிரிக்கறான்?"

"அவன் வூடு. சிரிக்கறான்."

டம்ளரை எடுத்தான், மறுபடி வைத்தான். "மாமா, அவ எங்க வூட்ல இப்டிச் சிரிச்சதே இல்ல."

டம்ளரை ணங்கென்று தரையில் வைத்தான்.

"எல்லாம் அந்தச் செவப்பு சிப்பால வந்தது," என்றான். "நாலு த்ரெட்டாம். பெரிய த்ரெட்டு."

அதற்கப்புறம் ராத்திரியெல்லாம் போனில் வீடியோ ஓடும். நீலமா சிவப்பா, எது வேகம், எது சூடு, எதில் நொடிக்கு எத்தனை படம், அதாவது எத்தனை ஃப்ரேம். கன்னடத்தில் ஒருவன், இந்தியில் ஒருவன், தெலுங்கில் ஒருவன். நீலம் ஜெயிக்கிற வீடியோவை இரண்டாம் முறை போடுவான். சிவப்பு ஜெயித்தால் "காசு வாங்கிக்கினு பேசறான்" என்பான். ரயிலில் இவானோடு பேச்சை நிறுத்தினான். பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினான். இவான் பார்சல் கட்டிவந்த மிளகாய் பஜ்ஜியை நீட்டினால், "நாலு த்ரெட்ல நீயே தின்னு" என்றானாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உதய் வீட்டில் ஜிப் இழுபடுகிற சத்தம் கேட்டது. பையின் ஜிப்.

"இன்னா இது?"

"பங்காருபேட்டைக்குப் போறேன். ஞாயித்துக்கெழம சாயங்கால வண்டிக்கு."

"மூணாவது ஆடிக்கு எவ அம்மா வூட்டுக்குப் போறா? புதுப் பொண்ணா நீ?"

"ஆடிக்கு இல்லீங்க. மூச்சுக்கு."

"எப்ப வருவ?"

ஜிப் மறு பக்கத்திலிருந்து இழுபட்டது.

"கேம் ஆடத்தான அங்க போற?" என்றான் உதய். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "இல்ல வேற எதுக்கா?"

"வேற எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க."

சொல்லவந்ததை விழுங்கியது எனக்கே கேட்டது. அப்புறம் சொன்னான், "ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கெழம ரெண்டு மிஷினையும் ஒண்ணா வெச்சி, எல்லார் முன்னாடியும் ஓட்டிப் பாரு. என்னுது தோத்துச்சுன்னா நானே பைய தூக்கிக்கினு வந்து உன்ன வண்டி ஏத்தறேன். எப்ப வருவன்னு கேக்கமாட்டேன்."

"ஜெயிச்சா?"

"நம்ம வூட்லயே ஆடு. நம்ம வூட்லயே இரு."

"சரி," என்றாள் ராதிகா. பை மட்டும் கதவோரமே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் லைன் வாசலில் கூட்டம். ஞானசுந்தரியின் துணி தேய்க்கிற மேஜை, அதன் மேல் இரண்டு லேப்டாப். ஸ்கெலட்டன் மொத்தமும் வந்திருந்தது. காற்று பலமாக இருந்ததால் ஒல்லியானவர்களைக் குண்டானவர்களின் இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். யாரை நடுவராக வைப்பது என்று பேச்சு வந்தது. "தசரதன் மாமாதான் யார் பக்கமும் பாக்காத ஆளு," என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். லவினா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். பெரியவர்களிடம் மரியாதை தெரிந்த பெண். ஞானசுந்தரி ஒரு பஜ்ஜியை என் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள். அதுவும் மரியாதைதான்.

நான் சட்டம் போட்டேன். "ஒரே டிரைவர், ஒரே லாரி, ஒரே மல. ரெண்டு மிஷினுக்கும் சார்ஜர் மாட்டியிருக்கணும். மூலைல வர்ற ஃப்ரேம் நம்பர எல்லாருக்கும் கேக்கற மாதிரி உரக்கச் சொல்லணும். இந்தச் சில்வர் தட்ட நான் ஒரு தபா அடிச்சா நிறுத்து. மூணு தபா அடிச்சா ஆளு ஏறியாச்சின்னு அர்த்தம், ஓட்டு."

கேஜை ஏற்றி இறக்க அடிக்கிற மணியின் கணக்கு அது. ஸ்கெலட்டனில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

மூன்று தட்டு. முதலில் சிவப்பு. ராதிகா ஓட்டினாள், லவினா நம்பர் சொன்னாள்.

"நாப்பத்தி ரெண்டு. நாப்பது. வளைவுல முப்பத்தெட்டு. மறுபடி நாப்பத்தொண்ணு."

"சூப்பர் மச்சா!" என்று இவான் பக்கத்தில் கத்தினார்கள். கடைசி வரை அந்த நம்பர் அங்கேயே நின்றது. லாரி மலை இறங்கியது.

அடுத்து நீலம். உதய்யே நம்பர் சொன்னான்.

"நாப்பத்தி நாலு! நாப்பத்தஞ்சி! பாத்தியாடா, இதான் கிளாக் ஸ்பீடு!" குரலில் கல்யாண மேளம். "நாப்பத்தி நாலு. நாப்பத்தி மூணு."

பாதி மலை வரை அப்படித்தான். அப்புறம் ஃபேன் கத்த ஆரம்பித்தது.

"முப்பத்தி ஒண்ணு," என்றான். சத்தம் குறைந்தது. "இருவத்தி ரெண்டு."

"கேக்கலப்பா," என்றேன்.

"பதினஞ்சி."

"ஒரக்க!"

"ஒம்பது மாமா, ஒம்பது! போதுமா?"

கூட்டத்தில் ஒருவன், "ஆல்பம் நல்லா கீது, மாப்ள போட்டோ எங்க?" என்றான். சிரித்தார்கள். இவான் சிரிக்கவில்லை. "உடு மச்சா, ஒரு கேம்தான," என்றான்.

"கேமா?" உதய் பொங்கிவிட்டான். "ஒனக்குக் கேமு. நான் காலைல இருட்ல போறேன், இருட்ல வரேன். வந்தா என் வூட்ல சட்டிதான் கீது. இவ சிரிப்பு உன் வூட்ல கேக்குது. நான் செவத்துல காத வெச்சி என் பெண்டாட்டி சிரிக்கறத கேக்கணுமாடா? அந்தச் சிப்ப கழட்டிக் குடு. என் மிஷின்ல மாட்டறேன். அப்பவாவது இங்க சிரிப்பாளான்னு பாக்கறேன்."

தட்டை அடிக்க நான் மறந்துபோனேன். காற்று மட்டும் அடித்தது.

ராதிகா மெதுவாகக் கேட்டாள், "செவத்துல காது வெச்சீங்களா?"

"டம்ளர் வெச்சி," என்றேன் நான். நடுவர் உண்மையைச் சொல்லவேண்டும்.

அவள் அந்த நீல மிஷினை மடியில் எடுத்தாள். "அய்யோ, சுடுது," என்று கையை உதறிப் புடவை முந்தானையால் பிடித்துத் திருப்பினாள். அதன் அடிவயிற்றில் காற்று போகிற துளைகள். துளை மேல் வரிசையாக வெள்ளை பிளாஸ்டர். பக்கவாட்டில் சூடு வெளியே வருகிற சந்திலும் பிளாஸ்டர், இரண்டு மடிப்பாக.

"இன்னாங்க இது?"

"தூசி போவக்கூடாதுன்னு..."

"இதுக்குமா?"

"எங்கப்பா நெஞ்சு அப்டித்தான் போச்சு," என்றான் உதய். "உள்ள போன மண்ணு வெளிய வரல. இதுக்கும் அப்டி ஆகக்கூடாதுன்னு வாங்குன அன்னைக்கே ஒட்டுனேன். நல்லதுக்குத்தான் ஒட்டுனேன்."

"மூச்சு உட முடியாம ஒட்டிட்டு, ஓடலன்னு கோவப்பட்டா எப்டி?"

அவள் நகத்தால் கிளறிப் பிய்த்தாள். சர்ரென்று ஒன்று, சர்ரென்று இன்னொன்று. கடைசிப் பட்டை வந்ததும் உள்ளே அடைபட்டிருந்த சூடு ஒரே மூச்சில் வெளியே வந்தது பாருங்கள், முன்வரிசையில் இருந்த ஆறு பேருக்கு மீசை பொசுங்கிற்று. அதில் இரண்டு பேர் பெண்கள்.

மிஷின் ஆறுகிறவரை பஜ்ஜி தின்றோம். மறுபடி மூன்று தட்டு. இந்தத் தடவை ராதிகாவே ஓட்டி, ராதிகாவே நம்பர் சொன்னாள்.

"நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தொண்ணு. நாப்பத்தி மூணு..." மலை பாதி தாண்டியது. ஃபேன் முனகியது, கத்தவில்லை. "நாப்பத்தி ரெண்டு."

"வளைவுல?" என்றான் இவான்.

"முப்பத்தொம்பது."

சிவப்பைவிட ஒன்று கூட. உதய் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. லாரி மலை இறங்கி நின்றதும் ராதிகா எழுந்தாள். கொலுசு வீட்டுக்குள் போயிற்று. கூட்டம் பை வருகிறது என்று நினைத்தது. வண்டிக்கு நேரம் இருந்தது.

உள்ளே சர்ரென்று சத்தம்.

"எங்க போற?" என்று உதய் ஓடினான்.

"எங்கயும் போவல. ஜன்னல தெறக்கறேன்."

"மேட்டு மண்ணு மொத்தம் உள்ள வரும் ராதி."

"வந்தா பெருக்கறேன். ஈரத் துணி கட்டலாம். ஒரு ஜன்னல் மட்டும் தெறக்கட்டும். மிஷினுக்கு மூச்சு வுட ஓட்டய தெறந்தாச்சி, எனக்குத் தெறக்கமாட்டீங்களா?"

அப்புறம் இரண்டாவது சர்ர். அது நகத்தால் பிய்க்கிற சத்தம் இல்லை, கத்தியால் கிளறுகிற சத்தம். அவள் நகத்தால் பிய்க்கிறவள். கத்தியைப் பிடித்தது உதய்.

ஜன்னல் திறந்தது. காற்று உள்ளே போய்க் களிச் சட்டி மூடியைக் கீழே தள்ளியது. உதய் இருமினான். ராதிகா சிரித்தாள். சாயங்காலம் பங்காருபேட்டை வண்டி ஊதிக்கொண்டு போய்விட்டது. பை அப்புறம் அவிழ்க்கப்பட்டதா தெரியாது. ஜிப் சத்தம் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ராதிகா சாயங்காலம் சொந்த வீட்டிலேயே லாரி ஓட்டுகிறாள். லவினாவும் இங்கே வந்துவிடுகிறாள், பஜ்ஜித் தட்டோடு. சிரிப்பு இப்போது எனக்கு இடப்பக்கச் சுவரில்.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இவான் என் வீட்டுக்கு வந்தான். கையில் சில்வர் டம்ளர்.

"மாமா," என்றான் ரகசியமாக, "உதய் மிஷின் எப்டி ஒரு ஃப்ரேம் ஜாஸ்தி போச்சி? ஒட்டிப் பிச்சதாலயா? அந்த பிளாஸ்டர் எந்த பிராண்டு?"

சொன்னேன். எழுதிக்கொண்டு போனான்.

இவ்வளவும் என் கண் முன்னால் நடந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். என் இடது கண் சுரங்கத்தில் வெடி வைத்தபோதே போயிற்று, வலது கண்ணில் ஆபரேஷன் ஆகி அந்த ஆடி முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள்.